எத்தனை அடியில் மணல்

எங்கள் அலுவலகத்தில் விவரம் கேட்டு வருகிறவர்கள் இரண்டே வகை என்று விதி சொன்னது. ஒன்று, அரசுத் துறைகள். இன்னொன்று, ஆராய்ச்சி நிறுவனங்கள். மூன்றாவதாக ஒரு மனிதன் வந்து நிற்பான் என்று அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை.

எண்பதுகளின் நடுவில் அரியலூரில், நிலத்தடி நீரை ஆராயும் சிறிய கிளை அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தேன். ஊர் ஊராக நிலத்தில் துளை போட்டு, எந்த ஆழத்தில் களி, எதில் சுண்ணாம்புக்கல், எதில் மணல், எதில் தண்ணீர் என்று எழுதிச் சென்னைக்கு அனுப்புவோம். அங்கே அதை அட்டையில் துளையிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, டேப்பில் பதிந்து வைத்தார்கள். நிலத்தில் போட்ட துளையை அட்டையில் போட்ட துளையாக மாற்றுவதே நம் துறையின் சாதனை என்று நான் சொல்வதுண்டு. அதிகாரி சிரித்ததில்லை.

டேப்பில் ஏறியது உறுதியானதும் கையால் எழுதிய தாள்களை அழித்துவிட வேண்டும். ஒரே விவரம் இரண்டு இடத்தில் இருந்தால் தணிக்கையில் குறை எழுதுவார்கள். நாங்கள் குறை வாங்காத அலுவலகம்.

அந்த மனிதர் விக்கிரமங்கலத்துப் பக்கமிருந்து பங்குனி வெயிலில் வந்தார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் வேலை செய்த குடும்பம். அரசு ஒப்படைத்த தரிசுதான் அவர்களுக்கு முதல் சொந்த நிலம். பக்கத்து நிலத்துக்காரர் தண்ணீர் விட மறுத்துவிட்டதால் அண்ணன் தம்பி இருவரும் தாங்களே கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், போன வருசம் எங்க கொல்லை ஓரத்துல மிஷின வச்சு ஓட்ட போட்டீங்க. கீழ என்னா இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க."

"நீங்க பாக்கலையா?"

"பாக்க விட்டாங்களா? தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு வெரட்டிட்டாங்க. என் நெலத்துல நான் தள்ளி நின்னேன். கடைசியில சாம்பக் கலர்ல மணல் வந்துச்சு, அது மட்டும் தெரிஞ்சுது. எத்தனை அடியிலன்னு தெரியல."

அவருக்கு வேண்டியது அந்த ஓர் எண். அந்தப் பக்கம் மேலே களி, கீழே ஊற்று மணல். மணலில் மண்வெட்டி பட்டால் தண்ணீரோடு சேர்ந்து பக்கமெல்லாம் சரிந்து ஆளை மூடிவிடும்.

"மேலேருந்தே சிமெண்டு உறை எறக்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றேன்.

"களி உறையப் புடிச்சிக்கும் சார், எறங்காது. மணலுக்கு ரெண்டு மொழம் மேல நிறுத்திட்டு, அங்கேருந்து உறை எறக்கணும். தெரியாம எறங்குனா உள்ள நிக்கிறவன் அவ்வளவுதான். நிக்கிறது என் தம்பி."

தாள்களை நாங்கள் அழித்திருந்தோம். துளை போட்ட நிலவியலாளர் மாற்றலாகிப் போயிருந்தார். எழுதிக் கேட்டதற்கு நினைவில்லை என்று பதில் போட்டார். உண்மையாகத்தான் இருக்கும், அவர் போட்ட துளைகள் ஏராளம். சென்னைக்கு டிரங்க்கால் போட்டேன். எழுத்து மூலம் கேளுங்கள் என்றார்கள். எழுத்து மூலம் கேட்டேன். விண்ணப்பதாரர் எந்த ஆராய்ச்சி நிறுவனம் என்று திருப்பிக் கேட்டார்கள்.

விதிக்குள் வழி இல்லாமலா போகும்? திருச்சியில் ஒரு கல்லூரி விரிவுரையாளர் தன் ஆய்வுக்காக எங்களிடம் வந்துபோவார். அவர் தயங்காமல் கையெழுத்துப் போட்டார். ஆய்வின் நோக்கம் என்ற இடத்தில் 'பாதுகாப்பான கிணறு அமைத்தல்' என்று எழுதினார். அந்தப் படிவத்தில் அதைவிட உண்மையான நோக்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

சித்திரை முடிவதற்குள் பதில் வந்தது. ஆராய்ச்சி நிறுவனம் கேட்டால் காகிதத்தில் கொடுக்கக்கூடாதாம், டேப்பில்தான் கொடுக்க வேண்டுமாம். தாம்பாளம் அளவுக்கு வட்டமான பெட்டி. உள்ளே பழுப்பு நிறத்தில் சுற்றிய நாடா. ஆபீசில் இருந்த ஒரே இயந்திரம் தமிழ் டைப்ரைட்டர்.

அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருச்சிக்கு வந்தார், நானும் உடன் போனேன். கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் செருப்பை வெளியே கழற்றச் சொன்னார்கள். விரிவுரையாளர் டேப்பை மாட்டினார், சுற்றிப் பார்த்தார், கழற்றினார்.

"டேப் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இத எழுதுன மிஷின் வேற கம்பெனி. எங்க மிஷின் படிக்க மாட்டேங்குது."

"எப்படி எழுதியிருக்குன்னு அந்தக் கம்பெனியைக் கேட்டா?"

"சொல்ல மாட்டாங்க சார். அது அவங்க ரகசியம்."

அண்ணன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சந்தையில புடிச்ச மாடு எந்த ஊரு வண்டியில பூட்டுனாலும் இழுக்குது. இம்மாம் பெரிய மிஷினு, இன்னொரு மிஷினு எழுதுனத படிக்காதாங்க? அப்ப யாருக்குதான் சார் எழுதி வச்சிருக்கீங்க?"

விரிவுரையாளர் சிரித்தார். பிறகு சிரித்ததற்காகக் கூச்சப்பட்டார். இன்று எந்த இயந்திரமும் எந்த இயந்திரத்திடமும் பொதுவான முறையில் விவரம் கேட்டு வாங்கலாம், அந்த முறை ஊரறிய எழுதி வைத்திருக்கிறது என்கிறார்கள். நல்லது. அன்று அந்த அறையில் அதை முதலில் கேட்டவர் செருப்பில்லாமல் நின்றிருந்தார்.

காகிதத்தில் அச்சிட்டுத் தருமாறு சென்னைக்கு மறுபடி எழுதினேன். பதில் வந்தது: 'கோரிய விவரம் ஏற்கெனவே டேப்பில் வழங்கப்பட்டுவிட்டது. அதே விவரத்தை அதே ஆண்டில் இருமுறை வழங்க இயலாது.' டேப்பை என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் அண்ணன் கையை நீட்டினார்.

"எங்க கொல்லை இதுக்குள்ளதானே இருக்கு. நானே வச்சிருக்கேன்."

பயன்படுத்துகிறவர் பொறுப்பில் இருக்கலாம் என்று விதி இருந்ததால் கொடுத்தேன்.

ஆனி பிறந்ததும் மேற்கே கருக்கத் தொடங்கியது. மழை பிடித்தால் குழி நிரம்பி, வெட்டியதெல்லாம் சேறாகும். அண்ணன் ஒருமுறை ஆபீசுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"இல்லை. கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுத்துக்குவேன் சார். தம்பிதான் என்னையத் திட்டுறான். 'நீ ஆபீஸ்காரங்க கூடவே குடும்பம் நடத்து, நான் தண்ணி எடுத்துட்டுக் கூப்புடுறேன்'ங்கிறான்."

தம்பியை நான் பார்த்தது அதற்கடுத்த வாரம். மணலை வாரி, தண்ணீரை இறைத்து, அவரை மேலே தூக்கியிருந்தார்கள். கோரைப்பாயில் கிடந்தார். காதுக்குள் சாம்பல் நிற மணல்.

விபத்து மரணம் என்பதால் தாலுகா ஆபீசிலிருந்து அறிக்கை கேட்டார்கள். அந்த இடத்தின் மண் அடுக்கு விவரம் வேண்டும் என்று கலெக்டர் அலுவலகம் சென்னைக்கு ஒரு போன் போட்டது. காலையில் கேட்டதற்கு மதியம் எங்கள் ஆபீசுக்கே போனில் பதில் வந்துவிட்டது. காகிதமும் வேண்டியிருக்கவில்லை, டேப்பும் வேண்டியிருக்கவில்லை. மறுமுனையில் ஒருவர் வாசித்தார், நான் எழுதிக்கொண்டேன். முப்பத்தெட்டு அடியில் மணல். நீர் உள்ளது. சரியும் தன்மை. தம்பி அதைத் தாண்டி ஒரு முழம்கூடப் போயிருக்கவில்லை.

அறிக்கையை எழுதினேன். இறந்தவர் உரிய தொழில்நுட்ப ஆலோசனை பெறாமல் தோண்டினார் என்று முடிக்கச் சொன்னார் அதிகாரி. ஆலோசனை கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதங்களின் எண்களை எல்லாம் நான் கீழே வரிசையாகச் சேர்த்தேன். அவர் அவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அதற்கான அதிகாரம் அவருக்கு இருந்தது.

தை மாதம் சென்னையிலிருந்து நினைவூட்டல் வந்தது. டேப் அரசு உடைமை, உடனே திருப்பி அனுப்பவும். வாங்கி வர நானே போனேன்.

கிணற்றைத் தூர்த்து அதன் மேலும் சோளம் விதைத்திருந்தார்கள். கதிர் பால்பிடித்திருந்தது. கொல்லையின் நான்கு பக்கமும் கழி நட்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்பு நாடாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று வீசும்போது அது வெயிலில் மின்னி, விர்ரென்று சத்தம் போட்டது.

அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "டேப்புக்கா வந்தீங்க? வேணும்னா அறுத்துச் சுத்தித் தரேன். ஆனா கதிரு முத்துற வரைக்கும் விட்டீங்கன்னா நல்லாருக்கும். குருவி கிட்ட வரமாட்டேங்குது."

"இருக்கட்டும்" என்றேன்.

ஆபீசுக்குத் திரும்பி நினைவூட்டலுக்குப் பதில் எழுதினேன்: 'டேப் விண்ணப்பதாரரின் பயன்பாட்டில் உள்ளது.' விதிப்படி அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. யாரும் கேட்கவும் இல்லை.