ஒரு ருஃபியாவுக்குப் பதின்மூன்று

பெங்களூர் விஜயநகரில் எங்கள் தெருப் பூங்காவுக்குக் காலை நடைக்கு வருகிறவர்கள் என்னை ‘ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் ஸார்’ என்பார்கள். “எஷ்டு ஸார் இவத்து டாலர்?” என்று யாராவது கன்னடத்தில் விலை கேட்டால் நான் உடனே சொல்லமாட்டேன். இரண்டு அடி நடந்து, வானத்தைப் பார்த்து, பிறகு சொல்வேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே போனில் பார்த்து வைத்துக்கொள்வேன் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் நான் இருந்தது உண்மை. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் தாளைப் பார்த்து அன்றைய மாற்று விலைகளைப் பலகையில் எழுதுவது என் வேலை. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. நிபுணன் என்ற பட்டமெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு பூங்காவில் கிடைத்தது. மறுக்காமல் வைத்துக்கொண்டேன்.

எங்கள் மாடியில் இலங்கையிலிருந்து மேற்படிப்புக்கு வந்த ஒரு பெண் குடியிருந்தாள். அவளுடைய அண்ணன் மாலத்தீவில் ஒரு விடுதியில் ஏழு வருடமாகச் சமையல்காரர். ஊரில் மனைவியும் நான்கு வயது மகளும். அந்த மகளை அவர் நேரில் பார்த்தது இரண்டே தடவை. சேர்த்த பணத்தோடு திரும்பிப் போய் ஒரு சின்ன பேக்கரி வைத்து, குழந்தையோடு இருந்துவிட வேண்டும் என்று இருந்தார். பணம் மாலத்தீவு ருஃபியாவாக அங்கேயே கிடந்தது.

கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் அந்தப் பெண் கீழே இறங்கி வந்தாள்.

“அண்ணா காசை இப்பவே எங்கட ரூபாயா மாத்திறதோ, இல்லாட்டி அங்கயே வச்சிருக்கிறதோ எண்டு உங்களிட்டக் கேக்கச் சொன்னவர், அங்கிள். நீங்கள் சொன்னா அவர் கேப்பார்.”

‘தெரியாதம்மா’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் வாயில் அது வரவில்லை. “பழைய ரேட் எல்லாம் பாக்கணும், நாளைக்குச் சொல்றேன்” என்றேன்.

பார்க்கவும் பார்த்தேன், அதுதான் வெட்கக்கேடு. பத்து வருட வரைபடத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு ருஃபியாவுக்கு எட்டு இலங்கை ரூபாய்ப் பக்கம் இருந்தது, மெல்ல மெல்ல ஏறிப் பதின்மூன்றுக்கு வந்திருந்தது. கடைசிச் சில மாதங்களாகக் கோடு விரித்த பாய் மாதிரி அசையாமல் கிடந்தது. எனக்குப் பரம திருப்தி.

“ஸ்டெடியா இருக்கு. இதுக்கு மேல ஏறாது. இப்பவே மாத்தி ஊர் பேங்க்ல டெபாசிட் போடச் சொல்லு, வட்டியாவது வரும்” என்றேன். அந்தப் பெண் நன்றி சொன்ன விதத்தில் எனக்கு அன்று முழுவதும் நடையே மாறிவிட்டது.

தொழில் தெரிந்தவனாக இருந்தால், டாலருக்குத் திண்டாடும் நாட்டில் விலை ஆடாமல் நிற்கிறதே, யாரோ முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டிருப்பான். அங்கே சமையல் எரிவாயுவுக்கு வரிசை நிற்கிறார்கள் என்று அந்தப் பெண்ணே என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மார்ச்சில் அந்த முட்டு விலகி, இலங்கை ரூபாய் சரிந்தது. இரண்டே மாதத்தில் ஒரு ருஃபியா இருபதைத் தாண்டிவிட்டது. அவர் என் பேச்சைக் கேட்டு மாற்றாமல் இருந்திருந்தால் அதே பணத்துக்கு ஒன்றரை மடங்கு கிடைத்திருக்கும். ஊரில் மாவும் சீனியும் கைக்கு எட்டாத விலைக்குப் போயின.

அதன் பிறகு அந்தப் பெண்ணின் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். “அவ வரச்சே எல்லாம் ஏன் உள்ள ஓடறேள்?” என்று மனைவி கேட்டாள். எரிந்து விழுந்தேன். அதற்கு அவள், “அவ அண்ணா ஊருக்குப் போகலையாம். இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாராம். கொழந்தை அழறதாம்” என்றாள்.

அன்று சாயங்காலமே மாடி ஏறினேன். ‘எனக்கு இதெல்லாம் தெரியாதம்மா, நான் பலகையில் எழுதினவன், அவ்வளவுதான்’ என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவு திறந்திருந்தது. அவள் அண்ணனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். “அங்கிள் வந்திருக்கிறார்” என்று போனை என் பக்கம் திருப்பினாள். திரையில் வெள்ளைச் சமையல் உடுப்போடு இருந்தவர் சட்டென்று எழுந்து நின்றார்.

“வணக்கம் ஐயா. நீங்கள் சொன்ன கணக்குச் சரிதான். பிழை விட்டது எங்கட நாடு. நீங்கள் மனசில ஒண்டும் வச்சிருக்காதேங்கோ.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். “என்னோட வேலை செய்யிற நேபாளக்காரர் ஒருத்தர் பக்கத்தில நிக்கிறார். அவரும் காசு மாத்த வேணுமாம். உங்களைப் பற்றிச் சொல்லி வச்சிருக்கிறன்.”

திரைக்குள் இன்னொருவர் வந்து கைகூப்பினார்.

சொல்ல வந்தது நாக்கு நுனியில்தான் இருந்தது. அந்தப் பெண் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.

“எவ்வளவு வச்சிருக்காராம்?” என்று கேட்டேன்.