நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன், எதிரே இருப்பவரை நன்றாகத் தெரிந்திருந்தாலும் "நீங்க யாரு?" என்று கேட்டே ஆகவேண்டும். மலேசியாவின் கிள்ளானில் பதினோரு வருஷமாக எனக்கு அதுதான் பிழைப்பு. போன வருஷம் சில வங்கிகள் கைகோத்துக்கொண்டன: ஒரு வங்கி ஆளைச் சரிபார்த்துவிட்டால் மற்றவை அதையே ஏற்றுக்கொள்ளும். "இனி உனக்கு வேலை பாதிதான்" என்றார் மேலாளர். சக கவுண்டர்வாசிகளே, சிரிக்காதீர்கள்.

மொட்டை

தைப்பூசம் முடிந்த வாரம், லோரி ஓட்டும் குமரன் கணக்குத் திறக்க வந்தார். கேமராவைப் பார்த்தார். 'முகம் பொருந்தவில்லை' என்றது கணினி. வேறொரு வங்கி அனுப்பிய படத்தில் சுருள்முடியும் தாடியும். எதிரிலோ பத்துமலை முருகன் கோயிலில் முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலை. சிரிக்கச் சொன்னேன், முறைக்கச் சொன்னேன், பலனில்லை. முடி வளர்ந்ததும் வரச் சொன்னேன்.

"அவ்வளவு கூட்டத்துல முருகனே என்னைக் கண்டுபுடிச்சிட்டாரு. உங்க மெஷினுக்கு முடியலையா, என்ன லா பாஸ்?"

பத்து விரல்

லெட்சுமி அக்கா பந்திங்கில் செம்பனைத் தோட்டத் தொழிலாளி. கட்டைவிரல் ரேகை தெளிவில்லை என்று ஒரு வங்கி குறித்துவைக்க, அந்தக் குறிப்பைப் பார்த்தே மேலும் இரண்டு வங்கிகள் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தன. நான் நாலாவது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். கடைசியில் மேலாளர் ஐ.சி. அடையாள அட்டையை நேரில் பார்த்துக் கையெழுத்திட்டார். அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"ரேகையெல்லாம் முப்பது வருஷமா தோட்டத்துக்குக் குடுத்துட்டேன் தம்பி. அங்க போய்த் தேடச் சொல்லுங்க."

உயிரோடு இருப்பவர்

காப்பார் ஊர்க்காரர் அந்தோணி அங்கிளின் அண்ணன் இறந்துபோனார். வேறொரு வங்கியில் அதைப் பதியும்போது யாரோ தம்பியின் பெயரில் தட்டிவிட்டார்கள். ஒரு வங்கியில் செத்தவர் எல்லா வங்கியிலும் செத்தார். மறுநாள் அங்கிளின் மனைவி மேரி ஆன்டிக்குக் கண்புரை ஆபரேஷன். முன்பணம் கட்டப் போன ஆஸ்பத்திரியில் அங்கிளின் கார்டு வேலை செய்யவில்லை. இருவரும் பதறிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

அந்த வங்கிக்குப் போன் போட்டேன். "எங்க ரெக்கார்டுல அவர் உயிரோட இல்லையே" என்றார்கள். "என் முன்னாடி மூச்சு விடுறாரு" என்றேன். நெருங்கிய உறவினர் சாட்சி வேண்டுமாம். இந்த இழுபறியில் இரண்டு மணி நேரம் போக, அங்கிள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். விதிப்படி ஆன்டியிடம் கேட்டேன்: இவர் உங்கள் கணவர்தானா? சாயங்காலத்துக்குள் பதிவைத் திருத்தினார்கள். ஆபரேஷனும் நல்லபடியாக நடந்தது. ஆனால் ஆன்டியின் சாட்சியத்தை மட்டும் படிவத்தில் அப்படியே எழுத எனக்குத் துணிவில்லை.

"மூஞ்சி மங்கலாத்தான் தெரியுது தம்பி. ஆனா கொறட்டை இவரோடதுதான், எழுதிக்கோங்க."

ஒரு வங்கி சொன்னால் பத்து வங்கி நம்புகிற காலம் வந்துவிட்டது. மனிதர் தானே வந்து சொன்னால் நம்புவதற்குத்தான் இன்னும் படிவம் கேட்கிறோம்.