கடையில் வாங்கிய கவுன்

என் கைக்கு ஒரு சாபம் உண்டு. எதைக் கொடுத்தாலும் அதை வேறொன்றாக மாற்றிவிடும். கேட்பவர்கள் அதை வரம் என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் வீட்டில் மிதியடியைக் கடையில் வாங்கிப் போட்டிருப்பார்கள்.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் கிடப்பது என் கணவரின் பழைய டி-ஷர்ட்டுகளைக் கிழித்துப் பின்னிய மிதியடி. ஜன்னல் திரை ஒரு காலத்தில் படுக்கை விரிப்பு. தலையணை உறை ஒரு காலத்தில் அந்த ஜன்னலின் முந்தைய திரை. காலையில் மிஞ்சிய ரொட்டி மறுநாள் பாலும் முட்டையும் சேர்ந்து புட்டிங் ஆகும், அதிலும் சேராத ஓரங்கள் காய்ந்து பொடியாகிக் கட்லெட் மேல் ஏறும். எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் சாவு கிடையாது.

இதற்கெல்லாம் மூலம் என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என் மாமனார். அந்த வழியில் அண்ணி பிரெஞ்சுக் குடிமகள் ஆகி பாரிஸ் பக்கம் குடியேறிவிட்டார், தம்பியான என் கணவருக்குத்தான் குடியுரிமைக் காகிதம் கைகூடவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அண்ணி இரண்டு பெட்டிகளோடு வருவார். ஒன்றில் சாக்லேட், சென்ட், சீஸ். இன்னொன்றில் அவர் வீட்டில் ஓய்வு பெற்ற துணிகள். "அங்க போட்டா குப்பை. உன் கையில குடுத்தா பொருள்," என்பார்.

கல்யாணமான முதல் வருஷம், அவர் கொண்டுவந்த பூப்போட்ட விரிப்பு ஒன்றில் நானாகவே ஆசைப்பட்டு ஒரு கைப்பை தைத்துக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. அந்தப் பையை அவர் பாரிஸ் முழுக்கக் காட்டினார். அன்று மாட்டிக்கொண்டவள்தான் நான்.

பிறகு கடை என்ற பேச்சே எங்கள் வீட்டில் எடுபடவில்லை. ஒரு சோபா உறை வாங்கலாமா என்றால் என் கணவர் சிரிப்பார். அவர் கஞ்சர் இல்லை. தவளக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் சூப்பர்வைசர், நல்லபடியாகத்தான் வருமானம். ஆனால் வீட்டுக்கு வருபவர்களிடம் திரையைத் தொட்டுக் காட்டி, "வாங்கறதுக்கு யாரால முடியாது? செய்யறதுக்குத்தான் ஆள் வேணும்," என்பதில் அவருக்கு ஒரு ருசி. நான் பக்கத்தில் காபித் தட்டோடு நிற்பேன். முடியாது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் முடியும். அதுதான் பிரச்சினை.

நான் மாட்டிக்கொண்டது போதாதென்று என் மகளும் மாட்டிக்கொண்டாள். ஐந்தாவது படிக்கும் அந்தக் குழந்தை அதுவரை கடையில் வாங்கிய கவுன் ஒன்றுகூடப் போட்டதில்லை. அண்ணி வீட்டுக்காரரின் ஜீன்ஸில் அவளுக்கு ஒரு புத்தகப் பை தைத்தேன். பின்பக்கப் பாக்கெட்டை அப்படியே விட்டேன், பென்சில் வைக்க உதவும் என்று. பள்ளியில் பிள்ளைகள், "உங்கப்பா பேண்ட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. பாக்கெட் முதுகுப் பக்கம் மறையும்படி பையைத் திருப்பி மாட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம் அவளுக்குப் புதுநன்மை. பூசையில் முதல் முறை நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வரிசையாக மாதா கோயிலுக்குள் போவார்கள். நேரு வீதியில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளைக் கவுன் ஒன்று நின்றது. நாங்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் நடை மெதுவாகும். ஒரு நாள் கண்ணாடி மேல் விரலை வைத்து, "இது வாங்குனது மாதிரியே இருக்குல்லம்மா," என்றாள். அது வாங்குவதற்காகவே வைத்திருக்கும் கவுன் என்பதுகூடக் குழந்தைக்கு உறைக்கவில்லை. இந்த ஒரு தடவை இவளுக்கு வாங்கியே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து சொல்வதற்குள் பாரிஸிலிருந்து ஆள் வந்துவிட்டார். அண்ணிக்குத் தெரிந்தவர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அண்ணியின் கல்யாணக் கவுன். தரையில் இழுபடும் சாட்டின், மேலே நெட், மார்பில் சின்னச் சின்ன மணிகள். அதை வெட்டிப் பெண்ணுக்குப் புதுநன்மைக் கவுன் தைக்க வேண்டுமாம். என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கல்யாணக் கவுனையே கொடுக்க எந்த அக்காவுக்கு மனசு வரும் என்றார்.

நான் கவுனை விரித்து, அக்குள் பக்கம் காட்டினேன். "மஞ்சள் பூத்துப் போயிருக்கு. இது ஆவாது."

அவர் அங்கேயே வீடியோ கால் போட்டார். அண்ணி திரையில் சிரித்தார். "ஏம்மா, போன ஆகஸ்ட்ல நீதான சொன்ன? பழைய வெள்ளத் துணிய எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டு ஊறவெச்சு வெயில்ல போட்டா பளிச்சுன்னு ஆயிடும்னு. இங்க எல்லார்கிட்டயும் நான் அதச் சொல்லிட்டேன்."

நான் சொல்லிக் கொடுத்த வித்தையே என்னைப் பிடித்துக் கட்டிப்போட்டது. கவுனை ஊறவைத்தேன். மாடியில் காயப்போட்டேன். பாழாய்ப்போன கறை போயே போய்விட்டது.

மிச்சம் ஒரே வழிதான் இருந்தது. தப்பாக வெட்டிவிடுவது. புதுநன்மைக்கு அதிக நாள் இல்லை. துணி பாழானால் கடையைத் தவிர வேறு வழி கிடையாது. என் கணவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, ஹாலில் கவுனைத் தரையில் பரப்பி, கத்திரியோடு உட்கார்ந்தேன். இடுப்புக்குக் குறுக்கே ஒரே ஒரு வெட்டு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சாரி அண்ணி, கை தவறிடுச்சு என்று சொல்வதற்குக்கூடப் பழகிப் பார்த்துவிட்டேன்.

கை தவறவில்லை. நெட்டைத் தனியாகப் பிரித்தால் சாட்டின் சுருங்காமல் வரும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் இழுபடும் நீளத்தில் முழுப் பாவாடையும் எடுத்துவிடலாம், மணி கோத்த பகுதியை அப்படியே சின்னதாக்கி மார்புக்கு வைக்கலாம் என்று அது பாட்டுக்குத் துணியைத் திருப்பி மடித்தது. கத்திரி நேராகப் போனது. வெட்டி முடித்த துண்டுகளைப் பார்த்தேன். ஒன்றுகூட வீணாகவில்லை. எனக்கு அழுகை வந்தது. என்னை இந்த வீட்டில் யாரும் பூட்டி வைக்கவில்லை, என் மணிக்கட்டுக்குக் கீழே இருப்பதுதான் பூட்டு.

சாயங்காலம் மகள் வந்து துண்டுகளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனாள். அவள் அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பால் குடித்துக்கொண்டே மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, கழுத்துல டேக் வெச்சுத் தருவியா?"

"எதுக்குடி?"

"சும்மாதான். கடையில வாங்குற டிரஸ்ல இருக்குமே."

பழைய துணி வந்தால் நான் முதலில் செய்யும் வேலை கழுத்து டேக்கை வெட்டி எறிவது. குத்தும். அன்று அண்ணியின் பழைய சட்டை ஒன்றிலிருந்து பிரெஞ்சு எழுத்து போட்ட டேக்கைப் பிரித்தெடுத்து, கவுனின் பின்கழுத்தில் நான்கு பக்கமும் ஊசித் தையல் போட்டு வைத்தேன். நான் தைத்ததிலேயே அந்தக் கவுன்தான் உசத்தி. அதைத் தன்னடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

புதுநன்மை அன்று பூசை முடிந்து எல்லோரும் கோயில் வளாகத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மகளைச் சுற்றி அவளோடு கோயிலில் ஞானோபதேசம் படிக்கும் தோழிகள். ஒருத்தி அவள் தலையிலிருந்த நெட் முக்காட்டை விலக்கி, கழுத்து டேக்கைப் புரட்டிப் பார்த்தாள். "வாங்குனதாடி?"

"ம். எங்கம்மா ஆன்லைன்ல வாங்குனாங்க," என்றாள் என் மகள்.

அந்தத் தோழியின் அம்மாவுக்கு நான் ஏற்கெனவே ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் ஆச்சரியமாக என் பக்கம் திரும்பினார். "நீங்களா? வாங்கவா செஞ்சீங்க?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நேரம் என் கணவர் போனை உயர்த்திப் பிடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். ஸ்பீக்கரில் அண்ணியின் குரல் முன்னால் வந்தது. "எங்கடா குட்டி? என் கல்..."

பாய்ந்து போய்ப் போனை வாங்கினேன். "அண்ணி, இங்க சிக்னல் சரியில்ல. அப்புறம் கூப்பிடறோம்," என்று சொல்லிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அண்ணி பேசும்போது நான் போனை வைத்தது அதுதான் முதல் முறை.

"சிக்னல் நல்லாத்தான இருந்துச்சு?" என்றார் என் கணவர்.

நான் போனை அவர் கையில் திணித்துவிட்டுத் தோழியின் அம்மாவிடம் திரும்பி வந்தேன். "ஆமா, வாங்குனதுதான்."

அவர் பாவாடை விளிம்பைப் பிடித்து, உள் தையலைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "பரவால்ல. ஆனா நீங்க தைச்சிருந்தா இதவிட நல்லா வந்திருக்கும்."

"ஆமா," என்றேன். இத்தனை வருஷம் வேண்டாத பாராட்டையெல்லாம் காபித் தட்டோடு நின்று வாங்கியவள் நான். அன்று ஒரே ஒரு பாராட்டு எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அக்காவைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார். பேச்சின் நடுவே ஹாலிலிருந்து எட்டிப் பார்த்து, "துணி மிஞ்சிச்சா? ரெண்டு குஷன் உறை வருமான்னு அக்கா கேக்குது," என்றார். நான் உள்ளே மகளின் முதுகுப் பொத்தான்களை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வரும் என்று எனக்குத் தெரியும். அடுத்த பொத்தானை அவிழ்த்தேன்.

பொத்தான் விலகியதும் பின்கழுத்து தெரிந்தது. டேக் உரசி உரசித் தோல் சிவந்து, ஓரிடத்தில் உரிந்திருந்தது. பூசை முழுக்க இதோடுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

"சொல்லக் கூடாதாடி? இரு, பிரிச்சு எறிஞ்சிடறேன்." கத்திரியை எடுத்தேன்.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தை மூடிக்கொண்டாள். "வேணாம்மா. குத்துனா குத்தட்டும். அது இருக்கட்டும்."

கத்திரியை வைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து அந்தச் சிவப்பின் மேல் தடவினேன். எண்ணெய் பட்டுவிடக் கூடாதென்று அவளே அந்த டேக்கை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.