அளவுக் கத்தி

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று பட்டன் அக்கா நேராகச் சமையலறைக்குத்தான் போனாள். மற்ற அறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது எங்கே ஓடிவிடப்போகிறது. ஜன்னலுக்குக் கீழே கருங்கல் மேடை. அவள் இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தது போல உயரம். உள்ளங்கையை அதன்மேல் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிக்கொண்டே நடந்தாள். பிறகு கண்ணை மூடி, "கடவுளே, உனக்குக் கோடி நன்றி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அவளுடைய புருஷன் தையல்காரர். கடையில் அவர் வெட்டித் தைப்பார், அவள் பட்டன் வைப்பாள், பட்டன் நுழையக் காஜா எடுப்பாள், ஓரம் மடிப்பாள். அதனால்தான் தெருவுக்கே அவள் பட்டன் அக்கா. இருபத்திரண்டு வருஷம் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் குடித்தனம். துணி வெட்டுகிற மேஜைதான் காய் வெட்டுகிற மேஜையும். காலை எட்டரை வரை அது அவளுக்கு, எட்டரைக்கு மேல் அவருக்கு. ஒருமுறை ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வெள்ளைச் சட்டைக் காலரில் பீட்ரூட் சாயம் ஏறி, அதை எடுப்பதற்குள் இரண்டு பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

வெளியே பட்டன் அக்கா. ஆனால் புருஷன் வீட்டில் அவளுக்கு வேறு பேர். கோணக்கை. கல்யாணமான முதல் வாரத்தில் அவருடைய தங்கை வைத்த பேர் அது. புருஷன் தீட்டித் தந்த கத்தியில் இவள் நறுக்கிய காரட் துண்டு ஒன்றை எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "இதைப் பாருங்க, மேல காகிதம், அடியில கட்டை! அண்ணி கை கோணக்கை" என்றாள். கூடத்தில் ஒரே சிரிப்பு. தையல்காரரும்தான் சிரித்தார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் இவள் இரண்டு துண்டு நறுக்குவதற்குள் நாத்தனார் கை நீண்டுவிடும். "கொடு அண்ணி, நீ போய் உட்காரு, நான் பார்த்துக்கிறேன்." பாசமாகத்தான் சொல்வாள். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கத்தியைக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நிற்பது அவள்தான்.

காஜா எடுக்கையில் ஒரு நூல்கூடப் பிசகாத கை இது, காயில் மட்டும் ஏன் இப்படி என்று அவளும் யோசித்துப் பார்த்ததுண்டு. கடவுள் ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைக் கொடுக்கமாட்டார் போல என்று விட்டுவிட்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு புது வீட்டைப் பார்க்க வருகிறாள். பட்டன் அக்கா மனசுக்குள் ஒரே ஒரு தீர்மானம் செய்திருந்தாள். வீடு பெரிசாக இல்லாவிட்டால் போகட்டும், திரைச்சீலை வராவிட்டாலும் போகட்டும். என் சமையலறையில் என் கையிலிருந்து யாரும் கத்தியை வாங்கக் கூடாது. நல்ல கத்தியாக இருந்தால் கை ஒருவேளை நேராகப் போகுமோ என்று ஒரு நப்பாசை.

"புதுக் கத்தி வாங்கணும்ங்க" என்றாள்.

"எதுக்கு? இருக்கிறதைத்தான் வாராவாரம் தீட்டித் தர்றேனே. தலைமுடியைப் போட்டா ரெண்டாகுது."

"புது வீடு, புது மேடை. கத்தி மட்டும் ஏன் பழசு? வாங்க, கிளம்புங்க."

அவள் அப்படி அடித்துப் பேசி அவர் பார்த்ததில்லை. மறுபேச்சுப் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

போகும்போது பழைய கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தையல் கடைக்கு வருகிறவர்கள் அளவுச் சட்டை கொண்டுவருவார்கள் அல்லவா, அந்தப் பழக்கம். எதை வாங்கப் போனாலும் அளவுக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும்.

பாத்திரக் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கத்திகள். காந்தப் பட்டையில் சின்னதும் பெரிசுமாக ஒட்டிக்கொண்டு பளபளத்தன. பட்டன் அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டு கத்தி அடுக்கிய மரக்கட்டை ஒன்று இருந்தது. அதன் முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை.

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தாள். "அது அழகுக்கு அக்கா. பன்னிரண்டுல மூணுதான் கைக்கு வரும். மிச்சம் ஒன்பதையும் நீங்க துடைச்சிக்கிட்டே இருக்கணும்."

"விக்கிற நீங்களே இப்படிச் சொல்றீங்களே?"

"வாங்கிட்டுப் போய் வருஷம் பூரா என்னைத் திட்டுவீங்க. எனக்கெதுக்கு அந்தப் பாவம்?"

பெரிசு ஒன்று, சின்னது ஒன்று, ரொட்டிக்குப் பல் வைத்தது ஒன்று, இது போதும் என்றாள். எடுத்துப் பிடித்துப் பாருங்கள் என்று ஒவ்வொன்றாக நீட்டினாள். பட்டன் அக்கா பொம்மைக் கடைக்குள் விட்ட குழந்தை மாதிரி ஆனாள். ஒன்று கனம், ஒன்று லேசு, ஒன்றில் கைப்பிடி வழுக்கியது. ஒன்றைப் பிடித்து மேஜையில் வைத்தால் விரல் முட்டி இடித்தது.

"முட்டி இடிக்கக் கூடாது. கைப்பிடிக்குள்ள இரும்பு கடைசி வரைக்கும் ஓடணும், பாருங்க, முதுகுல தெரியுது. பாதியில நின்னா ஒருநாள் கழண்டு வரும்."

தையல்காரர் சும்மா இருப்பாரா? சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து, ஒரு கத்தியால் இழுத்துப் பார்த்தார். துணி கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது.

"கூர் பத்தாது" என்றார் தலையை ஆட்டி.

"அண்ணே, நீங்க இதுல ஜாக்கெட்டா வெட்டப் போறீங்க?" என்றாள் கடைக்காரம்மா. அவர் துணியைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டார்.

ஏழாவதாக எடுத்த கத்தி கையில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றால் அப்படியே உட்கார்ந்தது. கைப்பிடி முடிந்து அலகு தொடங்குகிற இடத்தை ஒற்றை விரலில் வைத்துப் பார்த்தாள். முன்னும் சாயவில்லை, பின்னும் சாயவில்லை. "இதுதாங்க" என்றாள்.

கடைக்காரம்மா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பலகையும் ஒரு தடித்த காரட்டும் எடுத்து வைத்தாள். "வெட்டிப் பார்க்காம எடுத்துட்டுப் போகாதீங்க."

பட்டன் அக்கா உள்ளுக்குள் ஒரு வேண்டுதல் போட்டுக்கொண்டு வெட்டினாள். துண்டு சாய்ந்து விழுந்தது. கோணல். இன்னொன்று. அதுவும் கோணல். அவள் முகம் விழுந்துவிட்டது. தையல்காரர் மெதுவாக, "போகட்டும் விடும்மா, உன் கை வாகு அப்படி" என்றார்.

கத்தியைக் கீழே வைக்கப் போனவள் சட்டென்று நின்றாள். துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டன் அளவு பார்க்கிற அதே கண்.

"என்னங்க, இது மாறிப்போச்சு."

"என்ன மாறிச்சு?"

"வீட்டுல வெட்டினா மேல மெல்லிசு, அடியில தடிப்பு. இதுல மேல தடிப்பு, அடியில மெல்லிசு. கை கோணல்னா எந்தக் கத்தியிலயும் ஒரே பக்கம்தானே கோணணும்?"

கடைக்காரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "வீட்டுக் கத்தி எப்படி இருக்கும் அக்கா?"

நல்ல வேளை, அளவுக்குக் கொண்டுவந்திருந்தாளே! செய்தித்தாளைப் பிரித்துக் கொடுத்தாள். கடைக்காரம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி நுனியிலிருந்து பார்த்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"இதை யாரு தீட்டுறது?"

"நான்தான்" என்றார் தையல்காரர் நெஞ்சை நிமிர்த்தி. "இருபத்திரண்டு வருஷமா. என் கத்தரியோட சேர்த்து அதே கல்லுல."

"அதான். ஒரு பக்கம் மட்டும் தீட்டியிருக்கு. மறுபக்கம் கண்ணாடி மாதிரி தட்டை. இது நேரா இறங்காது அண்ணே, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். அதை அடக்க அக்கா மணிக்கட்டைச் சாய்ச்சு சாய்ச்சுப் பழகிட்டாங்க. நல்ல கத்தி கிடைச்சதும் அந்தச் சாய்வு மறுபக்கம் தெரியுது."

தையல்காரருக்குத் தெரிந்தது கத்தரி. கத்தரியில் இரண்டு அலகு. உள்பக்கம் ஒன்றோடொன்று உரச வேண்டும் என்பதால் வெளிப்பக்கம் மட்டும்தான் தீட்டுவார்கள். உள்பக்கத்தைத் தொட்டால் கத்தரி பாழ். அந்தப் பாடத்தை அவர் கத்திக்கும் படித்துவிட்டார். கத்தி ஒற்றை ஆள், அதற்கு இரண்டு பக்கமும் வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"மணிக்கட்டை விட்டுடுங்க அக்கா. தைக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டு வெட்டுங்க."

பட்டன் அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். தோளைத் தளர்த்தினாள். ஊசி போகிற வழியை மனசில் கண்டு, கத்தியை இறக்கினாள். துண்டு பலகைமேல் விழுந்து, காசு மாதிரித் தட்டையாகக் கிடந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஐந்து துண்டை அடுக்கினாள். கோபுரம் சாயாமல் நின்றது.

"என் கை நேரான கைங்க!" அவள் குரலுக்குக் கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "கடவுளே, என் கை நேரான கை!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைக்காரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். காரட் முழுவதையும் வெட்டித் தீர்த்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் மூன்று கத்தியும் அட்டைப்பெட்டியோடு அவள் மடியில் இருந்தன. பாதி வழியில்தான் அது அவள் நெஞ்சில் தைத்தது.

"எல்லாரும் சிரிச்சப்போ நீங்களும் சேர்ந்துதானே சிரிச்சீங்க?"

தையல்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "ஆமா" என்றார். அவள் பெட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள். மடியில் பெட்டி இருக்கும்போது கோபம் நிலைத்து நிற்க மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். இருபத்திரண்டு வருஷத்துச் சாய்வு ஒரே நாளில் போகுமா? காலையும் மாலையும் மேடைமுன் நின்று வெட்டினாள். காரட், உருளைக்கிழங்கு, முள்ளங்கி. மறந்தால் மணிக்கட்டு பழைய இடத்துக்கே ஓடியது, இழுத்துவந்து நிறுத்தினாள். மூன்று வேளையும் காய் சூப். கீழ்வீட்டுக்காரி மூன்றாவது கிண்ணத்தை வாங்கும்போது, "அக்கா, உங்க வீட்டுல முயல் எதுவும் வளக்குறீங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

ஞாயிறு வந்தது. நாத்தனார் படியேறி வந்து அறைகளைப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள், காற்று நன்றாக வருகிறது என்றாள். சமையலறைக்குள் வந்தவள், அண்ணி பலகையில் தக்காளியை வைப்பதைக் கண்டதும் வழக்கம்போலக் கையை நீட்டினாள்.

"கொடு அண்ணி, நீ போய் உட்காரு."

"வேண்டாம்மா" என்றாள் பட்டன் அக்கா. கத்தியை எடுத்துத் தக்காளிமேல் வைத்தாள்.

நன்கு பழுத்த தக்காளி. தோல் நசுங்காமல் கத்தி உள்ளே போனது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே தடிமனில் வட்டமாக விழுந்தன. நாத்தனார் நீட்டிய கையை மடக்கவில்லை. அதே கையால் ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"இது எப்ப அண்ணி பழகினே?"

பட்டன் அக்கா பதில் சொல்வதற்குள் வாசலில் நின்ற தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். "அவ கை முதல்லேருந்தே நேராத்தான் இருந்துச்சு. கோணலா இருந்தது நான் தீட்டின கத்தி. நம்ம எல்லாரும் தப்பா சிரிச்சிட்டோம். முதல்ல நான்." ஒரே மூச்சில் சொன்னார். கூடத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனாரின் வீட்டுக்காரர் வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

"அடப்பாவி அண்ணே! இத்தனை வருஷமா என் வாயில அந்தப் பேரை வரவச்சிட்டியே!"

"பேரு வச்சது நீ."

"கத்தி தீட்டினது நீ!"

அண்ணனும் தங்கையும் இப்படியே முட்டிக்கொண்டிருக்க, பட்டன் அக்கா அடுத்த தக்காளியை எடுத்தாள். சற்று நேரத்தில் நாத்தனாரின் சத்தம் அடங்கியது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு அருகில் வந்து நின்றாள். அண்ணி முகத்தைப் பார்க்காமல், "நான் எதை உரிக்கட்டும், சொல்லு அண்ணி" என்றாள்.

பட்டன் அக்கா சின்னக் கத்தியை எடுத்துக் கைப்பிடியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். வெங்காயக் கூடையை நகர்த்தி வைத்தாள்.

"எட்டு போதும். பெரிசா பார்த்து எடு."