மூன்று முறை எடுத்துக்கொடுத்த வசனம்

நாடகக் குழுவில் அவருக்குக் கிசுகிசு என்று பெயர். வம்பு பேசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், அடுத்த வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியாது. மேடை ஓரத்தில், படுதாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடிகர்கள் மறந்த வசனத்தை அடிக்குரலில் எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷம் அதையே செய்து, வீட்டிலும் குரல் எழும்பாமல் போய்விட்டது. "உப்பு வேணும்னு கேக்கக்கூட என் காதுகிட்ட வரணுமா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். மேடை ஓரத்தில் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் திரை விழும்.

அப்போது போட்டுக்கொண்டிருந்தது ஓர் அரசனின் கதை. ஆற்றுப்பாலம் உளுத்துப்போனது தெரிந்தும் தம்பியை அதன் மேல் குதிரையில் அனுப்பிவிடுகிற அரசன். கடைசிக் காட்சியில் ஊரைக் கூட்டி அதை ஒப்புக்கொள்வான். அந்த வேஷம் கட்டியவரை எல்லோரும் ராஜா என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு முடியாமல் போனால் மேடையேற வேண்டிய மாற்று நடிகர், கிசுகிசுவின் கூடப்பிறந்த தம்பி. வினையே அங்கேதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு முன்னால், கிசுகிசு ஒப்பனை அறைக்குள் போனபோது ராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பவுடரையும் மீறி வேர்வை வழிந்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. காலையிலேருந்து வருது, போகுது."

"டாக்டர்கிட்ட போயிடலாம்ணே."

"ஆட்டம் முடியட்டும்."

கிசுகிசு மேலாளர் அறைவரை போனார். கதவில் கையும் வைத்துவிட்டார். தம்பிக்கு வேஷம் வாங்கித்தரத்தான் இவன் கதை கட்டுகிறான் என்று நாலு பேர் சொல்வார்களே? போன மாதம்தான் அப்படியொரு பேச்சு கிளம்பி அடங்கியிருந்தது. நல்ல பெயரைக் கட்டிக்கொண்டு அழுகிற ஜென்மம். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

கடைசிக் காட்சியில் ராஜா வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. மேடையில் ஒருவர் பேசாமல் நின்றால் வசனம் மறந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அந்த வேலையில் ஊறியவருக்கு வேறெதுவும் தோன்றாது. "பாலம் உளுத்தது எனக்குத் தெரியும்," என்று எடுத்துக்கொடுத்தார். ராஜா திரும்பி அவரைப் பார்த்தார். மறுபடியும் எடுத்துக்கொடுத்தார். மூன்றாம் முறை கொஞ்சம் அழுத்திச் சொன்னார். ராஜா சரிந்தார். என்ன நடிப்பு என்று சனம் கைதட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து ராஜாவின் மனைவி கிசுகிசுவின் வீட்டுக்கு வந்தார்.

"முன்னாடியே வலி இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றார். உங்ககிட்ட ஏதாவது சொன்னாராண்ணே?"

"இல்லம்மா."

"நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோன்னு கண்ணை மூட முடியலை. யார்கிட்டயுமே சொல்லலைன்னா, அப்ப யாரால என்ன செய்திருக்க முடியும்?"

அந்த அம்மாளின் மனசு ஆறச் சொன்ன பொய்யா, தன் தலை தப்பச் சொன்ன பொய்யா என்று கிசுகிசுவுக்கே விளங்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் தம்பி ராஜாவானான். பதினோரு வருஷம் காத்திருந்த வேஷம். முதல் ஆட்டத்துக்கு ராஜாவின் மனைவியை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. அதே இடத்தில், அதே வசனத்துக்கு முன்னால், தம்பி பேசாமல் நின்றான். நெற்றியில் வேர்வை.

கிசுகிசு வசனத்தை எடுத்துக்கொடுக்கவில்லை. கயிற்றை இழுத்தார். "டாக்டரைக் கூப்பிடுங்க, நெஞ்சு வலி," என்று அலறினார். அந்தக் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது.

"என்னண்ணே பண்ணிட்டே?" என்றான் தம்பி, விழுந்த திரைக்குப் பின்னால். "எனக்கு ஒண்ணுமில்லை. கொஞ்சம் நிறுத்திச் சொல்லலாம்னு நின்னேன்." வெளியே விசிலும் சிரிப்புமாக இருந்தது. அவன் கிரீடத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்தான்.

ராஜாவின் மனைவி பக்கவாட்டுப் படியேறி வந்தார். கிசுகிசு இன்னும் கயிற்றை விடவில்லை.

"நெஞ்சு வலின்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு?" என்று கேட்டார். "அன்னைக்கு அவர் உங்ககிட்ட சொல்லியிருக்கார்."

"சொன்னார்மா," என்றார் கிசுகிசு. பழைய அடிக்குரல் திரும்பியிருந்தது.

அந்த அம்மாள் திட்டவில்லை, அழவும் இல்லை.

"இப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருந்தேன்," என்று சொல்லிவிட்டு, வந்த படியிலேயே இறங்கிப் போனார்.