கழுத்துப் பொத்தான்

பாலோ என்ற எங்கள் ஊரில் இரண்டு கடைகள், அம்மன் கோயிலுக்கு முன்மண்டபம், கடைசியாக ஒரு பஸ். எல்லாம் நான் உண்டாக்கியவை. இரண்டாம் வகுப்பைக்கூட முடிக்காதவன் நான். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்ட வந்தவனுக்கு பஸ்ஸா என்று சிரித்தவர்கள், பிறகு அதே பஸ்ஸில் டிக்கெட் வாங்கினார்கள்.

பஸ்ஸை நானேதான் ஓட்டுவேன். முதலாளி என்று தெரிய வேண்டாமா? கழுத்தை இறுக்கிப் பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டோடுதான் உட்காருவேன்.

முதல் தடவை மயக்கம் வந்தது கோயில் திருவிழாவில், அதே கோட்டோடு நின்றபோது. யாரோ கூப்பிடத் திரும்பினேன். விளக்கை ஊதி அணைத்தது போல இருட்டு. விழித்தால் நெற்றி நிறையத் திருநீறு, சுற்றிலும் கைகூப்பிய கூட்டம்.

"சாமி, எம் மகளுக்கு எப்ப கல்யாணம் ஆகும்?" என்றாள் ஒருத்தி.

தை மாதம் என்று சொல்லிவைத்தேன்.

என் மனைவி மீனாட்சி நம்பவில்லை. "ஏங்க, ஒரு நாள் விரதம் இருந்ததில்ல. உங்க மேல எந்தச் சாமி வரும்?"

அடுத்த தடவை பஸ்ஸில். பின்னால் ஏறுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தேன், சரிந்துவிட்டேன். நல்லவேளை, வண்டி நின்றிருந்தது. மீனாட்சி சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "டாக்டர் சரின்னு சொன்னாத்தான் தருவேன்."

எனக்குப் பயத்தைவிட ஆச்சரியமே அதிகம். அந்த நேரத்தில் நான் எங்கே போனேன்? மயங்கி விழுந்தவர்களைப் பிடித்து விசாரித்தேன். வெயிலில் விழுந்தவனுக்கு முதலில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தனவாம். காய்ச்சலில் விழுந்தவளுக்குக் காதில் இரைச்சல். கள்ளுக்கடையில் விழுந்தவனுக்கு ஒன்றுமே நினைவில்லை. "அலமாக்! அட, அதுக்குத்தானே அண்ணே குடிச்சேன்!" என்றான்.

டவுன் ஆஸ்பத்திரியில் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். மரியாதைக் குறைவு என்று மறுத்துவிட்டேன். மீனாட்சி ஏதோ கேட்கத் திரும்பினேன். டாக்டர் கண்ணெதிரே விழுந்தேன். நாடி நின்றே போனதாம். அவர் பொத்தானைக் கழற்றியதும் துடிப்பு திரும்பியதாம்.

"கழுத்துல மூளைக்கு ரத்தம் போற குழாய் இருக்கு. கழுத்தை இறுக்கிட்டுத் திரும்பினா அது அழுந்தி, சில பேருக்கு இதயம் சட்டுன்னு மெதுவாயிடும். கழுத்தை இறுக்காதீங்க பெரியவரே."

"பஸ் ஓட்டலாமா?"

"கொஞ்ச நாள் பாப்போம். மறுபடி வரலைன்னா ஓட்டுங்க."

வரவில்லை. சாவி கைக்கு வந்தது. இப்போது கழுத்து திறந்த சட்டைதான். யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறேன். உங்களுக்கும் கண் இருட்டினால், எப்போது, என்ன உடுப்பில் என்று கவனியுங்கள். என் ஆயுளில் மூன்று துண்டுகள் நான் இல்லாமலே நடந்துவிட்டன. அவற்றையும் நான் வாழ்ந்ததாகச் சேர்ப்பதா என்று இன்னும் யோசிக்கிறேன்.

டாக்டர் கண்டுபிடித்தார் என்றே ஊரெல்லாம் பேச்சு. சரி, அவர்தான். ஆனால் கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்து, அவர் கண்முன்னே விழுந்து காட்டியது யார்? இந்தக் கதையை யார் சொன்னாலும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.