நான்கு கேன் பீலித்தண்ணீர்

கடந்த வெள்ளிக்கிழமை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது கோவிந்தராஜ் அண்ணையின் மகள் அழைத்தாள். “மிஸ், அப்பா போயிட்டாரு. காலைல டீயக் குடிச்சிட்டு, தண்ணி சரியில்லன்னு அம்மாவ ஏசினாரு. அப்படியே கதிரையில சாஞ்சிட்டாரு.” சொல்லும்போதே அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எனக்கும்தான். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எங்கள் கதிர்வீச்சு ஆய்வு வாகனத்தின் சாரதி அவர். பாறையிலும் மண்ணிலும் இயற்கையாக உள்ள கதிர்வீச்சை, வாகனத்தின் பின்பகுதியில் வைத்த கருவியால் வழிநெடுக அளப்பது எங்கள் வேலை. வாகனத்தின் தகடே கதிர்களில் ஒரு பங்கை மறைத்துவிடும் என்பதால், இடையிடையே இறங்கி வெளியிலும் அளந்து, உள்ளே வந்த எண்ணைத் திருத்துவோம். கருவியை அவரைத் தவிர யாரும் தூக்கக் கூடாது. “கருவியும் கைக்குழந்தையும் ஒண்ணுதான் மிஸ், குலுக்குனா அழுவும்” என்பார். வளைவுகளில் அவர் ஊர்ந்து போவதைப் பார்த்துப் பொறுமையிழந்து, பின்னால் வந்த தனியார் பஸ்காரர்கள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். டவுனில் குடியேறிப் பல வருடமாகியும் பைப் தண்ணீரோடு அவர் சமாதானமாகவில்லை. மலை ஊற்றிலிருந்து நேரே குழாய் வழியே கொட்டும் பீலித்தண்ணீரில் போட்டால்தான் அவருக்கு டீ. கண்டி - புசல்லாவை ரோட்டை அளந்த வாரம் முழுவதும், புசல்லாவையில் வண்டியைத் திருப்பியதும் நான்கு பெரிய கேன்களில் பீலித்தண்ணீர் பிடித்தார். அவற்றைக் கருவியைச் சுற்றி நெருக்கி அடுக்கினார், அது ஆடாமல் இருக்கட்டும் என்று.

வரைபடம் தயாரானது. கண்டியிலிருந்து போகும்போது எண்கள் உயர்ந்து நின்றன, அதே ரோட்டில் திரும்பும்போது விழுந்து கிடந்தன. நான் அசருவேனா? போகும்போது மலைப்பக்கம், வரும்போது பள்ளப்பக்கம் என்று இரண்டு தாளுக்கு விளக்கம் எழுதி, அதை நானே மெச்சிக்கொண்டேன். வெளியில் இறங்கி அளந்ததெல்லாம் போகும் வழியில் மட்டும்தான் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. திங்கட்கிழமை அறிக்கை தலைவரிடம் போக வேண்டும்.

அதற்கு முந்திய சனிக்கிழமை வாகனச் சாவி வைக்க வந்த அண்ணை மேசையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

“என்னா மிஸ், போறப்ப செவப்பு, வாறப்ப நீலம்?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அவர் முகம் மாறியது.

“தகரமே மறைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப நாலு கேன் தண்ணி?”

வரைபடத்தைச் சட்டென்று சுருட்டினேன். அலுவலக வாகனத்தில் சொந்தச் சாமான் ஏற்றினால் வேலை போய்விடும். அவருக்கு முன்பிருந்த சாரதி அப்படித்தான் போனார். “பேசாமல் இருங்கோ அண்ணை, மழை எண்டு ஏதாவது எழுதிச் சமாளிப்பம்” என்றேன்.

“பொய்யான படம் மிஸ். நாளைக்கு யாராச்சும் இத நம்புவாங்கல்ல?” என்றவர், என் மேசையிலேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். “தண்ணீர் ஏற்றியது நான், அடுக்கியது நான்.” கீழே அவர் கையெழுத்து.

தலைவர் அதை இரண்டு தடவை வாசித்தார். “அந்தத் தண்ணீரில் டீ அவ்வளவு நல்லாயிருக்குமா?” என்று கேட்டுவிட்டு, ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அதோடு அந்த ரோட்டைக் கேன்களோடும் கேன்கள் இல்லாமலும் மறுபடி அளக்கச் சொன்னார். கேன்கள் இல்லாதபோது போக்குக்கும் வரவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. என் இரண்டு தாளும் குப்பைக் கூடைக்குப் போயின. “கேன் வச்சு அளந்த அன்னைக்கு மட்டும் ஆபீஸ் செலவுல தண்ணி கொண்டாந்தேன்” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். இதை வாசிக்கும், அவரோடு வேலை செய்த நீங்கள் எல்லாரும் இந்தக் கதையை அவர் வாயாலேயே கேட்டிருப்பீர்கள்.

ஆனால் ஒன்றை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் கேன்களின் மேல் காலை நீட்டிக்கொண்டு, அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டு பின்னால் இருந்தது நான். இரண்டு கேன் போதும் என்று அவர் சொன்னதை, எனக்கும் இரண்டு வேண்டும் என்று நான்காக்கியதும் நான்தான். அவர் கடிதத்தில் என் பெயர் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கடிதத்தின் பிரதி என் அலுமாரியில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். இன்று காலை அதை எடுத்து, அவருடைய கையெழுத்துக்குக் கீழே என்னுடையதையும் போட்டேன்.